நான் போகாத அந்தப் பகல்

அன்புள்ள ரூபன்,

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். உன்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு கல்லூரிப் பையன் கூப்பிட, உன் கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. "எடுக்கலன்னா அந்தப் பையன் உயிரோட இருக்க மாட்டான்மா. நீங்களும் இதே வேலைதான பாத்தீங்க. நீங்களே சொல்லுங்க, எடுக்கவா, வேணாமா?" என்றாய். நான் வாய் திறப்பதற்குள் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டாய். திரும்பி வந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. உன் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ சாப்பிடாமலேயே காரை எடுத்துக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டாய். உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைத்திருப்பாய். பதில் இருந்தது. அதை நின்றபடி, அடுப்பை அணைத்துக்கொண்டே சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். நேரில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் கோபப்படுவேன். எழுத்தில் இரண்டு பேருக்கும் அந்த வசதி இல்லை.

அதற்கு முன் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். செவ்வாய்க்கிழமை தர்ஷினி என்னைப் பார்க்க வந்திருந்தாள். தொழிற்சாலையில் வேலை முடிந்து, பாயான் லெப்பாஸிலிருந்து நேராக, கழுத்தில் அடையாள அட்டைகூடக் கழற்றாமல் வந்தாள். உங்கள் பதிவுத் திருமணம் முடிந்த நாளிலிருந்து என்னை அத்தை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்று மறுபடியும் ஆண்ட்டி என்றாள். பதிவு முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது உனக்குப் போன் வந்து நீ வெளியே போனாயே, அந்த நேரத்தைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தாள். படம் எடுப்பவர் காத்திருந்தார். அவளுடைய மாமா ஒருவர் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டபடியே இருந்தார். இவள் உன் நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டு எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே பரிமாறினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னிடம் அவள் உன்னைக் குறை சொல்லவில்லை. "அவங்க கெட்டவங்க இல்ல ஆண்ட்டி, அதான் கஷ்டமா இருக்கு. கெட்டவங்களா இருந்தா சண்ட போடலாம். உயிரக் காப்பாத்தப் போறேன்னு போறவங்ககிட்ட என்னன்னு சண்ட போடுறது?" என்றாள். கோயில் கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று சனிக்கிழமை உன்னிடம் கேட்கப் போகிறாளாம். உன்னிடம் முன்கூட்டியே சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள், அவர் தயாராக வரட்டும் என்றாள். அடுத்த மாதம் கல்யாணம். அழைப்பிதழ் பாதிப் பேருக்குக் கொடுத்தாயிற்று. நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைத் தொடவே இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இது நீ சிறுவனாக இருந்தபோது நடந்தது. நீயும் அதில் இருந்தாய், ஆனால் உனக்கு ஒன்றும் தெரியாது. இதில் வரும் ஒருவரைச் சரவணன் என்று அழைக்கிறேன், அது அவர் பெயர் அல்ல. அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். நம் மனநல ஆலோசனைத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன். நீயும் தர்ஷினியும் படித்துவிட்டுச் சம்மதித்தால் மட்டுமே மற்றவர்களுக்குக் காட்டுவேன்.

அப்போது குவீன் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எனக்கும் மிஸ் லிம்முக்கும் ஆளுக்கோர் அறை இருந்தது. மிஸ் லிம் எனக்கு முன்பே இந்தத் தொழிலுக்கு வந்தவர். என் வேலையைப் பற்றி வாரம் ஒருமுறை அவரிடம்தான் பேசுவேன். கீழே கடையில் பாட்டு ஓயாது. மேலே வந்து அழுகிறவர்கள் அந்தப் பாட்டுக்கு நடுவேதான் அழ வேண்டும். என்னிடம் வந்த சரவணன் பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாற்பதை நெருங்கியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை, சொந்தம் என்று ஒரு அக்கா மட்டும். அவர் பொறுப்பிலிருந்த நேரத்தில், ஒரு பிரஸ் இயந்திரத்தில் இளம் தொழிலாளி ஒருவன் கையை இழந்துவிட்டான். இயந்திரத்தின் காப்புத் தகடு சரியில்லை என்று சரவணனுக்குத் தெரியும். மேலிடத்தில் சொல்லியிருந்தார். அவர்கள் பார்க்கலாம் என்றார்கள். அவரும் வேலையை நிறுத்தவில்லை. விசாரணையில் அவர்மேல் தவறில்லை என்று முடித்துவிட்டார்கள். அதுதான் அவரை உடைத்தது. யாராவது தண்டித்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று ஒருமுறை சொன்னார்.

முதலில் என்னை மேடம் என்று கூப்பிட்டவர் கொஞ்ச நாளில் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கும் அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வாயே திறக்காதவர் என்னிடம் மட்டும் பேசினார். தூக்கமில்லாதவர் என்னிடம் பேசிய பிறகு தூங்கினேன் என்றார். என் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்தேன். மிஸ் லிம் கூடாது என்றார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். போன் அடிக்க ஆரம்பித்தது. நான் பசாரில் மீன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது. ஒவ்வொரு முறையும் எடுத்தேன். எடுத்து முடித்த பிறகு எனக்குள் ஒரு நிறைவு வரும் பார், நல்ல பசியில் சாப்பிட்டு எழுந்த மாதிரி. அது அவருடைய நலத்துக்காக வந்த நிறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாள் அனலாய்க் கொதித்த உடம்பு ஒரு காலையில் சட்டென்று குளிர்ந்தது. நான் சந்தோஷப்பட்டேன். டாக்டர் சந்தோஷப்படவில்லை. காய்ச்சல் இறங்கும் இந்த நேரம்தான் ஆபத்து, பிளேட்லெட் விழுந்துகொண்டே இருக்கிறது, வயிற்று வலி என்றாலோ எங்காவது ரத்தம் தெரிந்தாலோ உடனே கூப்பிடுங்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள் என்றார். அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலையில் இருந்தார். வரச் சொல்லித் தகவல் அனுப்பியிருந்தேன். அதற்குள் நீ வாந்தி எடுத்தாய். அதில் காப்பித்தூள் மாதிரி ஏதோ கலந்திருந்தது. ஊசி போட வந்திருந்த மலாய் மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டு வேகமாக டாக்டரைத் தேடிப் போனாள். அந்த நேரத்தில்தான் என் கைப்பேசி அடித்தது.

சரவணன் குரல் அமைதியாக இருந்தது. இத்தனை மாதத்தில் அவ்வளவு அமைதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அழுகிறவர்களைவிட இப்படி அமைதியாகப் பேசுகிறவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று நீயும் படித்திருப்பாய். முடிவு செய்துவிட்டேன், உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன் என்றார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை. பின்னால் காற்று இரைந்தது. பிறகு பெர்ரியின் சங்கு கேட்டது. அவர் இருப்பது அக்கரையில், பட்டர்வொர்த் படகுத்துறை என்று தெரிந்துகொண்டேன்.

"நீங்க வாங்கக்கா. நீங்க ஒரு ஆளு வந்தா போதும்" என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். உன் உதடு வெடித்திருந்தது. டாக்டர் வந்து உன் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ முனகினாய்.

"நான் வரமாட்டேன், சரவணன். ஆனா உங்கள தனியா விட மாட்டேன். உங்க அக்காவ அனுப்புறேன்" என்றேன்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"இன்னைக்குத் தெரியட்டும்."

தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன். கைப்பேசியை அணைத்துவிட்டிருந்தார்.

போலீசுக்குச் சொன்னேன். மிஸ் லிம்மைக் கூப்பிட்டேன். சரவணனின் அக்கா மாக் மண்டினிலேயே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். மிஸ் லிம் அந்தத் தொழிற்சாலைக்கே போன் போட்டு, ஒரு மேலாளரிடம் சண்டை பிடித்து அவரை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல், கூட வேலை செய்கிற ஒருத்தியின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கிளம்பிவிட்டார் என்று எனக்குத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

அந்த நேரத்தில் அப்பா வந்து சேர்ந்தார். எண்ணெய்க் கறை படிந்த சீருடையோடு வார்டுக்குள் ஓடிவந்தார். பெர்ரியில்தான் வந்திருந்தார். சரவணன் இருந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறார், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. உனக்கு வேறு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே என் கைப்பை என் தோளில் ஏறியிருந்தது. எப்போது எடுத்து மாட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா அதைப் பார்த்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். "போறதுன்னா போ. நான் இருக்கேன்" என்றார்.

ரூபன், இந்த இடத்தைக் கவனமாகப் படி. அதுவரைக்கும் போகாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. உன்னைத் தனியாக விட முடியாது. எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள், யாரும் குறை சொல்ல முடியாது. அப்பா வந்தவுடன் அந்தக் காரணம் போய்விட்டது. இனி நான் உட்கார்ந்தால் உட்கார வேண்டும் என்று முடிவு செய்து உட்கார வேண்டும். மிஸ் லிம்மை மறுபடியும் கூப்பிட்டேன். போகட்டுமா என்று கேட்டேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ இங்கிருந்து கிளம்பி அக்கரைக்குப் போவதற்குள் அவருடைய அக்கா அங்கே இருப்பார், போலீஸ் இருக்கும், அப்படியானால் நீ போவது யாருக்காக என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். பையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். உன் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

அந்தப் பகல் எப்படிப் போனது என்று உனக்குச் சொல்ல எனக்கு வார்த்தை வராது. எல்லைகளை வகுத்துக்கொள்ளுங்கள், மனம் அமைதியாகும் என்று இப்போது பயிற்சி வகுப்புகளில் பேசுகிறார்கள். நானே பேசியிருக்கிறேன். அன்று எனக்கு அமைதியே இல்லை. ஒரு பக்கம் உன் பிளேட்லெட், இன்னொரு பக்கம் அணைந்துபோன ஒரு கைப்பேசி. மிஸ்ஸி உன் விரலில் ரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் என் மனம் படகுத்துறைக்குப் போய்விட்டுத் திரும்பும். நடுவில் நான் வராண்டாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போய்விட்டார் என்றே நினைத்தேன். என் வாழ்நாள் முழுக்க இதைத் தூக்கிக்கொண்டு திரியப் போகிறேன் என்று நினைத்தேன். அந்த மலாய் மிஸ்ஸி வந்து என் முழங்கையைத் தொட்டு, "காக், அனாக் பங்கில்" என்றாள். அக்கா, பிள்ளை கூப்பிடுகிறான். உள்ளே போனேன். நீ கண்ணைத் திறந்து, மைலோ வேண்டும் என்றாய். கறுப்பாக எதுவும் குடிக்கக் கூடாது, வாந்தியில் ரத்தம் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். இல்லைடா என்றேன். நீ அழுதாய். அப்பாவும் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

மாலை வெயில் இறங்கும்போது மிஸ் லிம் கூப்பிட்டார். சரவணனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். போலீசுக்கு முன்னாலேயே அவருடைய அக்கா போய்ச் சேர்ந்திருக்கிறார். படகுத்துறை வாகன நிறுத்தத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே சரவணன் தரையில் உட்கார்ந்திருந்தாராம். அந்த அம்மா ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு யாருடா இருக்கா என்று கேட்டு முதுகில் அடித்திருக்கிறார். பிறகு அவரும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். போலீஸ் வரும்போது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உன் பிளேட்லெட் மறுநாள் காலைதான் ஏற ஆரம்பித்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதே. சரவணன் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. கீழே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க வரல" என்றார்.

மகனுக்கு உடம்பு சரியில்லை என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் உடனே மன்னித்திருப்பார், வருத்தம்கூடத் தெரிவித்திருப்பார். ஆனால் அது பாதி உண்மைதான்.

"வரல. வர வேணாம்னு முடிவு பண்ணித்தான் வரல" என்றேன்.

அவர் இறங்கிப் போய்விட்டார். திரும்ப என்னிடம் வரவே இல்லை. மிஸ் லிம்மிடம்தான் தொடர்ந்து வந்தார். பல நாள் படிக்கட்டில் அவர் காலடிச் சத்தம் கேட்கும். என் கதவைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகும். எனக்கு அது எவ்வளவு வலித்தது என்பதிலிருந்துதான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். அவருக்கு நான் தேவைப்பட்டதைவிட, அவருக்கு நான் தேவைப்படுவது எனக்கு அதிகம் தேவைப்பட்டிருக்கிறது. இதைக் கண்டுகொள்வது சுலபமாக இல்லை. நானே வேறொரு ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து, ஆட்களுக்கு நான் இல்லாமல் முடியாது என்பதில் எனக்கு அப்படி என்ன சுகம் என்று பேசிப் பேசித்தான் கண்டுகொண்டேன். நான் மூன்று தங்கைகளுக்கு மூத்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் பாடத்தைவிட அவர்கள் பாடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். என்னால் உதவி செய்ய முடியாத இடத்தில் நான் யார் என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்தச் சுபாவம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. மூக்கு மட்டும்தான் அப்பாவுடையது.

அதற்குப் பிறகு சில வழக்கங்களை மாற்றிக்கொண்டேன். கைப்பேசி எண்ணை மாற்றினேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதை வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே பேசினேன். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், உங்கள் வேலையிடத்தில் இது தெரிய வேண்டிய ஆள் யார் என்று கேட்டேன். யாருமில்லை என்பார்கள். விடாமல் கேட்டால் ஒருவர் இருப்பார். மாலையில் வேலை முடிந்ததும் நேராக பஸ் ஏறாமல் மார்க்கெட் ஸ்ட்ரீட் வழியாக நடப்பேன். மசாலாக் கடை, நகைக்கடை, நாணயம் மாற்றுகிறவர்கள், யாருக்கும் என்னிடம் சொல்ல ஒரு துயரமும் இல்லை. வழிவிடுங்கக்கா என்பார்கள், அவ்வளவுதான். அந்த நடையில் ஆலோசகர் கழன்று விழுவாள், வீட்டுக்கு அம்மா வந்து சேர்வாள். அம்மா ஏன் லேட் என்று நீ கோபித்துக்கொள்வாய். நடந்து வராத நாட்களில் நான் வீட்டில் இருந்தும் இல்லாமல் இருந்ததை நீ அறியமாட்டாய், அப்பா அறிவார். என் வருமானம் குறைந்தது, என்னிடம் வந்துகொண்டிருந்த சிலர் போனார்கள். நான் நல்ல ஆலோசகர் ஆனது அதற்குப் பிறகுதான்.

பல வருடம் கழித்து, தீபாவளிக்கு முந்தைய வாரம், லிட்டில் இந்தியாவில் கூட்டத்துக்குள் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சரவணனின் அக்கா. நான் அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை, அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. பக்கத்தில் சரவணன், தலை நரைத்து, கையில் துணிப்பைகளோடு நின்றார். கை இழந்த அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கும் ஒரு பை போகிறது என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். தம்பி வேலை வேலை என்று இருக்கிறான் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். ஒரே ஊரில் இருந்தும் தம்பி மனதில் என்ன ஓடுகிறது என்று அந்த போன் வரும்வரை ஒன்றும் தெரியாதாம். அக்கா பக்கத்துக் கடைக்குள் போன பிறகுதான் சரவணன் வாயைத் திறந்தார்.

"எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிட்டேன்ல, அதனால வேற யாருகிட்டயும் சொல்லணும்னு தோணல. நீங்க வரலன்னதும்தான் அவ வந்தா."

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் பைகளைக் கை மாற்றிக்கொண்டார்.

"தீரலக்கா. ஆனா நான் இருக்கேன்" என்றார்.

நீ இதைப் படித்துக்கொண்டே என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அவர் பிழைத்ததால் இப்படி எழுதுகிறீர்கள், அவர் செத்திருந்தால்? நானும் என்னிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், வருடக்கணக்காக. அக்கா ஏறிய மோட்டார் சைக்கிள் வழியில் பஞ்சராகியிருந்தால்? பெர்ரியின் சங்கு அந்த நேரத்தில் ஊதாமல் இருந்திருந்தால்? அவர் செத்திருந்தால் நான் உடைந்திருப்பேன். இந்தத் தொழிலை விட்டிருக்கவும் கூடும். ஆனாலும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தது தவறாக ஆகியிருக்காது. செய்ய வேண்டியதைச் செய்திருந்தேன். போலீசுக்குச் சொன்னேன், அவருடைய ஆளை அவரிடம் அனுப்பினேன், அவரிடம் பொய் சொல்லவில்லை. அதற்கு மேல் இருந்தது என் கையில் இல்லை. ஒரு மனிதனின் உயிர் என் ஒருத்தியின் கையில் இருக்கிறது என்று நான் நம்பிய நாட்களில்தான் அவர் மிக ஆபத்தில் இருந்தார். இதை என்னால் உரக்கச் சொல்ல முடிய எத்தனையோ வருடம் ஆனது. மிஸ் லிம் காலமாகும் முன் அவரிடம் சொன்னேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். எடுக்கவா, வேண்டாமா. அந்தப் பையன் யார், அவனுக்கு என்ன என்று நீ சொல்லக் கூடாது, நானும் கேட்கமாட்டேன். அவன் ஆபத்தில் இருக்கிறான் என்று நீ நம்பினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே. ஆனால் தனியாகச் செய்யாதே. உன் கல்லூரியில் உனக்கு மேலே இருப்பவரிடம் நாளைக் காலையிலேயே சொல். அவனை மனநல மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர். அவனுக்கு ஒரு அண்ணனோ மாமாவோ அறைத் தோழனோ இருப்பான், அந்தப் பையனோடு உட்கார்ந்து அது யார் என்று கண்டுபிடி. உன்னைத் தவிர வேறு யாருமில்லை என்று அவன் சொன்னால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதே, எச்சரிக்கையாக எடுத்துக்கொள். உன் எண்ணுக்குப் பதிலாக எந்தெந்தக் கதவுகள் திறந்திருக்கும் என்று அவனுக்கு நேராகச் சொல். அவன் கோபப்படுவான். கோபப்படட்டும். நீ கல் நெஞ்சுக்காரனாக மாறிவிட்டாய் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வீட்டுக்கும் வேலைக்கும் சமமாகப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை. ஏதோ ஒரு பக்கம் எப்போதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இழுக்கிறது என்று தெரிந்தும் ஒரு இடத்தில் உட்காரத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தர்ஷினியிடம் சனிக்கிழமை போகும்போது இந்தக் கடிதத்தில் இருப்பதை எடுத்துப் பேசாதே. எந்த விளக்கமும் கொடுக்காதே. நீ நாள் முழுக்க மற்றவர்கள் சொல்வதைக் கேட்கிறாய், கூலி வாங்கிக்கொண்டு நன்றாகவே கேட்கிறாய். அவள் சொல்வதைக் கூலியில்லாமல் கேள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று அவள் சொன்னால், அழைப்பிதழைப் பற்றியும் மண்டபத்தைப் பற்றியும் சொந்தக்காரர்களைப் பற்றியும் பேசாதே. அதையெல்லாம் நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். வேண்டாம், இனி முடியாது என்றே அவள் சொன்னாலும், சொல்லி முடிக்கும்வரை அங்கேயே இரு. அவளுக்கு நீ உயிரைக் காப்பாற்றுகிறவன் ஆக வேண்டியதில்லை.

அன்று நான் உங்களிடம் வரமாட்டேன். வழியில் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பட்டர்வொர்த் பக்கம் வரலாமா என்று இப்போதே மனம் கணக்குப் போடுகிறது, இந்த வயதிலும். அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அன்று என்னைச் சௌராஸ்தா சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். என்ன நடந்தது என்று போன் செய்து கேட்கமாட்டேன். நீயாகச் சொல்லும்வரை காத்திருப்பேன். காத்திருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை, ரூபன், அதுவும் உனக்காகக் காத்திருப்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வா. தனியாக வந்தாலும் வா.

உன் அம்மா